ஆறில் ஒன்றும் எஞ்சிய ஐந்தும்

இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தின் மூன்றாம் குறளில், இல்லறத்தானால் பேணப்படவேண்டியவர் என்று திருவள்ளுவர் ஐவரை எண்ணிக் காட்டுகிறார்: இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஈற்றிலே தான். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், பதங்களுக்கெல்லாம் பொருள் சொல்லி வருகையில், அரசனுக்குரிய பங்கு ஆறிலொன்றாக அமைந்ததன் காரணம் இந்த ஐந்து இடங்களுக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதே என்று ஒரு குறிப்பை எழுதிவைத்து, அதை விரிக்காமலே அப்பாற் போய்விடுகிறார். வரி என்னும் விவகாரத்தைப்பற்றித் தமிழில் இத்துணைச் சுருக்கமாகவும் இத்துணைத் துணிவாகவும் எழுதப்பட்ட வாக்கியம் பிறிதொன்றை நான் கண்டதில்லை. அரசன் தன் சேனைக்கும் அரண்மனைக்கும் எவ்வளவு வேண்டுமென்று முதலிலே கணக்கிட்டு, அதைக் குடிகளின் தலையிலே பகிர்ந்துவிட்டு, மிஞ்சியதைக்கொண்டு குடும்பம் நடத்துங்கள் என்று சொல்லுவதே உலகத்து அரசாங்கங்களின் இயல்பாக இருக்க, இந்த உரையாசிரியரோ ஒரு கிருகஸ்தனின் அடுக்களையிலே அமர்ந்து, அவனுடைய கடமைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றுக்கு ஐந்து கூறு ஒதுக்கியபின், ஆறாவது கூறு எதுவோ அதுவே அரசனுக்கு என்று தீர்ப்புச் சொல்லுகிறார். இன்னொன்றும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. அரசன் பெறுவதும் ஒரு கூறு. உழைத்தவன் தனக்கென்று வைத்துக்கொள்வதும் ஒரு கூறு. தன்னளவுக்கு அரசனையும், அரசனளவுக்குத் தன்னையும் மதித்து, அவ்விருவருள் ஒவ்வொருவருக்கும் உரியதைப்போல் நான்கு மடங்கான இடத்தைப் பிறருக்குக் கொடுத்த வரவுசெலவுத் திட்டம் அது.

பாளி நூல்களிலும் இதற்கு மிக நெருங்கிய கணக்கொன்று உண்டு. அங்குத்தர நிகாயத்திலே, நேர்மையாகப் பொருளீட்டிய இல்லறத்தான் தன்னையும் பெற்றோரையும் மனைவி மக்களையும் பேணியபின் செய்யவேண்டிய பலிகள் என்று சுற்றம், விருந்து, இறந்தோர், அரசன், தேவதைகள் ஆகிய ஐந்திடங்கள் குறிக்கப்படுகின்றன. சிகாலோவாத சூத்திரமோ இன்னும் பச்சையாகவே பேசுகிறது: வந்த பொருளை நான்காக வகுத்து, ஒரு பாகத்தை அனுபவிக்கவும், இரண்டு பாகத்தைத் தொழிலில் இடவும், நான்காம் பாகத்தை ஆபத்துக் காலத்துக்கென எடுத்துவைக்கவும் சொல்லுகிறது. வவுனியாவுக்குத் தெற்கே மதவாச்சியிலும் வடக்கே ஓமந்தையிலும் குடியிருப்போர் பாஷையாலும் வழிபாட்டாலும் வேறுபட்டவர்களாயினும், அவரவர் முன்னோர் விட்டுச்சென்ற வீட்டுக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதை இரு தரப்பாரும் அறிந்ததாகத் தெரியவில்லை. இது வருந்தத்தக்கது, ஆனால் அது வேறு விஷயம்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் அடியிலே கிடக்கும் வினா யாதெனின், ஒருவன் உழைத்துச் சம்பாதித்த பொருள் உண்மையில் யாருடையது என்பதே. சைவ சித்தாந்தி இதற்குத் தயங்காமல் விடை சொல்லுவான்: உடம்பும், கருவிகளும், உலகமும், அனுபவிக்கும் போகங்களும் இறைவனால் உயிருக்கு உபகரிக்கப்பட்டவை, ஆகவே ‘என்னுடையது’ என்னும் மமகாரமே மயக்கம். உயிர் தன் பற்றை ஒழிப்பதற்கு இது மிக மேலான உபதேசம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதை அரசனுடைய கையிலே கொடுத்துவிட்டால் மிக்க ஆபத்து விளையும்; ஏனெனில், ‘இது உன்னுடையது அன்று’ என்று ஞானி தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்வதும், அதே சொற்களை வரி அறவிடுகிறவன் குடியானவனுக்குச் சொல்லுவதும் ஒன்றாகிவிடா. முன்னையது துறவு, பின்னையது பறிப்பு. செங்கோலை ஏந்திநின்று முறைதவறிப் பொருள் கேட்பவனையும், காட்டுவழியிலே ஆயுதத்தோடு நின்று கேட்பவனையும் ஒரே தராசிலே வைத்துப் பார்த்த புலவர் வள்ளுவர் என்பதை மறத்தலாகாது. அதனாலேதான் நம் முன்னோர் பொருளை முழுவதும் ‘தன்னுடையது’ என்றும் சொல்லாமல், முழுவதும் ‘தன்னுடையதன்று’ என்றும் சொல்லாமல், இன்னின்னாருக்கு இவ்வளவு என்று எல்லை கட்டினார்கள். எல்லை கட்டப்பட்ட கடன் தர்மமாகிறது. எல்லையற்ற கடன் அடிமைத்தனமாகிறது.

வன்னி நிலத்தார் இந்த வேறுபாட்டைப் புத்தகத்திலே படித்து அறிய வேண்டியவர்கள் அல்லர். வன்னிமைகள் யானைகளைத் திறையாகக் கொடுத்த காலமும், ஒல்லாந்தருக்கு அவ்வாறு கொடுக்க மறுத்து இடருற்ற காலமும் இங்கே உண்டு. ஆங்கிலேயர் காலத்திலே வயலில் விளைந்த நெல்லுக்கு அறவிடப்பட்ட தானிய வரி 1892 ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. வருமானத்தின்மேல் விதிக்கப்படும் வரி 1932 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் இலங்கைக்கு வந்தது. அந்த வருமான வரி வெகுகாலம் கொழும்புக்காரருக்கும் பெருந்தோட்டக்காரருக்கும் உரிய வியாதியாகவே இங்குள்ளோரால் கருதப்பட்டது. இரணைமடுவின் கீழே சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைக்குமோ கிடைக்காதோ என்று வானத்தைப் பார்த்திருந்த கமக்காரனுக்கு, வரிமதிப்பாண்டு என்பது ஏப்ரல் முதலாந் திகதி தொடங்குகிறது என்னும் செய்தி என்ன பயனைத் தரும்?

ஆனால் வரி என்னும் தத்துவத்தை அந்தக் கமக்காரனே பிற்காலத்தில் எவரையும்விட ஆழமாக அனுபவிக்க நேர்ந்தது. ஏசுநாதரிடம் ஒருநாள், இராயனுக்கு வரி கொடுப்பது நியாயமா என்று கேட்டவர்களுக்கு, ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள முகம் யாருடையது என்று அவர் திருப்பிக் கேட்ட வரலாற்றை முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க மக்கள் கோவிலிலே பலமுறை கேட்டிருப்பார்கள். அந்த வினாவுக்கு எருசலேமிலே ஒரு விடைதான் இருந்தது. வன்னியிலே, 2009 ஆம் ஆண்டுக்கு முன்பு, விடை இரண்டாக இருந்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலும் கைமாறிய காசு இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட ரூபாயே. அதில் இருந்த சின்னம் கொழும்புடையது. அந்தக் காசைக் கொண்டு வாங்கிய சாமான் ஏ-9 பாதையிலே வடக்கு நோக்கி வந்தபோது அதற்கு ஆயம் அறவிட்டது புலிகளின் ஆயப்பகுதி. கொழும்பு விதித்த வரி சாமானின் விலைக்குள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்தது. அதன்மேல் ஆயமும் ஏறியது. ஆகவே ஒரு சவுக்காரத் துண்டை வாங்கிய தாய், தான் அறிந்தும் அறியாமலும், ஒன்றோடொன்று போர் செய்துகொண்டிருந்த இரண்டு கருவூலங்களுக்கும் ஒரே சமயத்தில் படி அளந்தாள். இராயனுக்கு உரியதை இராயனுக்குக் கொடுங்கள் என்றால், எந்த இராயனுக்கு?

கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய தமிழீழ வைப்பகத்திலே, விதைநெல்லுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் என்று தாலிக்கொடியையும் காப்பையும் அடகு வைத்த குடும்பங்கள் பல. குடும்பப் பொருளாதாரம் என்று நூல்கள் எவற்றை எழுதுகின்றனவோ, அவற்றையெல்லாம் அந்த மக்கள் முறையாகவே செய்தார்கள்: செலவைக் குறைத்தார்கள், பொன்னாகச் சேமித்தார்கள், அவசரத்துக்கு ஈடு வைத்தார்கள், பற்றுச்சீட்டைப் பெட்டியின் அடியிலே மடித்து வைத்தார்கள். பிறகு வீடும் பெட்டியும் வைப்பகமும் எல்லாம் போயின. முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளத்து முகாமுக்குச் சென்றவர்களுள் சிலரிடம் பற்றுச்சீட்டு மாத்திரம் எஞ்சியிருந்தது. போர்க்காலத்தில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு பகுதியை இராணுவம் பொலிசாரிடம் கையளித்தது 2025 ஆம் ஆண்டு மே மாதத்திலே, அதாவது பதினாறு ஆண்டுகள் கழித்து. சேமிப்பு என்பது எதிர்காலத்தின்மேல் வைக்கும் விசுவாசம் என்றால், அந்த விசுவாசத்தை எந்தக் கோவிலிலும் கற்பிக்காத அளவுக்குச் சோதனை செய்யப்பட்ட ஜனங்கள் இவர்கள். இவர்களிடம் போய், வருமானத்தில் இத்தனை வீதம் சேமியுங்கள், வரியை ஒழுங்காகக் கட்டுங்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தின் தோரணையிலே பேசுவது எனக்கு ஒருவகை அநாகரிகமாகவே தோன்றுகிறது.

ஆயினும் பேசாமலும் இருக்க முடியாது. ஏனெனில் வரி இப்போது கிளிநொச்சியின் சம்பளச் சிட்டைக்குள்ளேயே வந்துவிட்டது. மாதம் இரண்டு லட்சம் ரூபாய் பெறும் ஒரு வைத்தியரையோ பொறியியலாளரையோ எடுத்துக்கொள்வோம். 2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குமேற்பட்ட வருமானம் வரிக்கு உட்பட்டதாலும், ஒவ்வொரு ஐந்து லட்சத்துக்கும் 6, 12, 18 என்று வீதம் ஏறிச் சென்றமையாலும், அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் 10,500 ரூபாய் கழிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை 18 லட்சமாக உயர்த்தப்பட்டு, அதன்மேல் முதற் பத்து லட்சத்துக்கு வீதம் ஆறு என்று ஆக்கப்பட்டபின், அதே சம்பளத்துக்கு அதே மனிதர் கொடுப்பது 3,000 ரூபாய். மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே பெறுகிறவர் இந்த வரியைக் கொடுக்க வேண்டியதே இல்லை. அவருடைய வங்கி வைப்புக்குக் கிடைக்கும் வட்டியிலே பத்து வீதத்தை வங்கி பிடித்துவைப்பதை நிறுத்துவதற்குக்கூட, தம்முடைய வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாது என்று ஒரு சுயபிரகடனத்தை எழுதிக் கொடுத்தாற் போதும். ஓய்வூதியத்தோடும் ஒரு நிலையான வைப்போடும் காலந்தள்ளும் முதியோர் பலர், அரசாங்கப் பத்திரம் என்றாலே ஏதோ விபரீதம் என்று அஞ்சி, கொடுக்க வேண்டாத இந்தப் பத்து வீதத்தைப் பேசாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சத்தினால் கொடுப்பது எந்தச் சாஸ்திரத்திலும் தானமாக எண்ணப்படவில்லை. வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறுவதும் அவ்வாறே. இலக்கம் பெற்றவர் எல்லாரும் வரி கொடுக்க வேண்டியவர் என்னும் பீதி ஊரிலே உலாவுகிறது, அதற்கு ஆதாரமில்லை.

இனி, அந்த 3,000 ரூபாயை மாதந்தோறும் கொடுப்பவருக்கு எதிரே இன்னொருவரை நிறுத்திப் பார்ப்போம். புதுக்குடியிருப்புப் பக்கத்திலே, கணவனை இழந்து, வீட்டு முற்றத்தில் கோழி வளர்த்து, காலபோகத்தில் கூலிக்கு அரிவு வெட்டப் போகும் ஒரு பெண். அவளிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதி முடித்த கொப்பியின் பின்பக்கங்களே அவளுடைய பேரேடு. அதிலே இருப்பவை: சீட்டுக் காசு, அடகு வட்டி, கிழமைக் கடன், பிள்ளையின்ர ரியூசன், மா, சீனி, சவுக்காரம், ரீலோட். கிழமைக் கடன் என்பது நுண்கடன் நிறுவனக்காரர் வாரந்தோறும் வந்து திண்ணையில் உட்கார்ந்து வாங்கிப்போவது. அந்த வரிசையில் மாத்திரம் சிவப்புப் பேனா. ‘வரி’ என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாமையினாலே அவள் கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? 2019 டிசம்பரிலே எட்டாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக நிற்கிறது. சவுக்காரத்தின் விலைக்குள்ளும் தொலைபேசிக் கட்டணத்துக்குள்ளும் அது இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் தம் வரிக்கு உட்பட்ட முதற் பத்து லட்சத்துக்குக் கொடுப்பது ஆறு வீதம். அவள், வரியுள்ள பொருளொன்றை வாங்கும்போதெல்லாம், முதல் ரூபாயிலிருந்தே பதினெட்டுக் கொடுக்கிறாள், எவ்வித விலக்கெல்லையும் இன்றி. சம்பளக்காரருக்கு அவர் கொடுத்ததற்குச் சிட்டையிலே அத்தாட்சி உண்டு, ஆகவே அவர் தம்மை வரிசெலுத்துநர் என்று மார்தட்டிக்கொள்ளலாம். அவளோ நிவாரணம் பெறுகிறவள் என்றே பெயர் எடுத்திருக்கிறாள்.

அறியாமல் கொடுத்தது தர்மமாகுமா என்று நம்முடைய வைதிகர் கேட்கக்கூடும். சங்கற்பம் இல்லாத தானம் தானமன்று என்பது அவர்களுடைய கொள்கை. கையிலே நீர் வார்த்து, இன்னாருக்கு, இன்ன பொருளை, இன்ன நோக்கத்துக்காக என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த நியாயப்படி பார்த்தால் கொப்பிக்காரியின் பதினெட்டு வீதம் அவளுக்குப் புண்ணியமாக வந்து சேராது. அப்படியானால் அந்தப் பாவமோ கடனோ யாரைச் சேரும்? பெற்றுக்கொண்டவரைச் சேரும் என்பதே என் துணிபு. தானம் அல்லாத ஒன்றை ஏழையிடமிருந்து பெற்ற எவரும், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவளுக்குக் கடன்பட்டவரே. அரசாங்கம் மாத்திரம் பெற்றுக்கொண்டது என்று நினைத்து நாம் தப்பிவிட முடியாது. மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையிலே மருந்து இலவசம், 1945 ஆம் ஆண்டிலிருந்து பள்ளிக்கூடம் இலவசம், 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலே படிப்பு இலவசம் என்று நாம் அனுபவிப்பவற்றின் உபயகாரர் பட்டியலிலே அவளும் இருக்கிறாள்.

மாங்குளத்தில் வன்பொருட் கடை நடத்தும் வர்த்தகர் ஒருவர், வங்கிக் கடனுக்கு ஒரு பேரேடும் வரிக்கு ஒரு பேரேடுமாக இரண்டை வைத்திருப்பதை மறைக்காமலே சொல்லுவார். வங்கிக்குக் காட்டும் ஏட்டிலே வியாபாரம் வெள்ளமாய்ப் பெருகும். மற்றதிலே கோடைக்காலத்துக் குளம்போல் வற்றிக் கிடக்கும். “ஐயா, ரெண்டு பக்கத்துக்கும் கட்டி முடிச்ச சனம் நாங்கள். கடைசியில ரெண்டு பக்கமும் எங்களுக்கு என்னத்தத் தந்தவை? இனியும் நான் கட்டிற காசு எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்பது அவருடைய வாதம். இதைக் கேட்டு முகஞ்சுளிப்பது எளிது. மறுப்பது அவ்வளவு எளிதன்று. அரசன் காப்பான் என்பதனாலேயே ஆறிலொன்று அவனுக்கு உரியதாயிற்று. காவாத அரசனுக்கு அந்தப் பங்கின்மேல் என்ன பாத்தியம் என்று கேட்பவன் சாஸ்திரத்துக்கு விரோதமாக எதையும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அரசாங்கத்தை நோக்கிக் கேட்க வன்னியாருக்கு உள்ள உரிமை இந்தத் தீவிலே பிறர் எவருக்கும் குறைந்ததன்று.

ஆனால் அவருடைய வாதத்தில் ஒரு வழு உண்டு. வரியை ஒளித்தால் இழப்பு அரசனுக்கு என்று அவர் எண்ணுகிறார். அரசன் என்று ஒருவன் முடிசூடி இருந்த காலத்திலே அது ஒருவேளை உண்மையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு என்ன நடக்கிறது? 2020 ஜனவரியிலே சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழித்த உழைக்கும்போதே செலுத்தும் வரி நிறுத்தப்பட்டது, வரியில்லா எல்லை வருடத்துக்கு 30 லட்சமாக உயர்ந்தது, வசதியுள்ளோர் மகிழ்ந்தார்கள். 2022 ஏப்ரலிலே நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்த வருடம் ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவிலே 340 ரூபாயாயிற்று. கடந்த கால வரிச்சலுகையினால் ஒரு சதமும் பெறாத முல்லைத்தீவு மீனவன், அந்த மண்ணெண்ணெயை ஊற்றித்தான் தன் படகின் இயந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. இழப்புக்குப் பல காரணங்கள் உண்டு, உலகப்பெரு நோயும் அவற்றுள் ஒன்று. ஆயினும் மேலே விடப்பட்ட சுமை காற்றிலே கரைந்து போகாமல் கீழே இறங்கிப் பலவீனமான தோளைத் தேடிச் சென்றது என்பது பிரத்தியட்சம். வருமானத்திலே பிடிபடாதது விலையிலே வந்து ஏறுகிறது. ஆகவே வன்பொருட் கடைக்காரரின் இரண்டாம் பேரேடு ஒளித்தது கொழும்பிலுள்ள எவரிடமிருந்தும் அன்று. புதுக்குடியிருப்பிலுள்ள அந்தக் கொப்பியிடமிருந்தே. 2018 ஆம் ஆண்டிலே, வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாய்வரை நுண்கடன் பெற்றுக் கட்டமுடியாது தவித்த பெண்களின் கடனை அரசாங்கம் ஏற்றுத் தள்ளுபடி செய்ய முன்வந்தபோது, அந்தப் பணம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. யாரோ தம் கணக்கை ஒளிக்காமற் கொடுத்ததே அது. இசுலாத்திலே, நிறைமதிப்பை எட்டிய செல்வம் ஒரு சந்திர வருடம் கையில் நின்றால் நாற்பதிலொன்றை ஸகாத்தாகக் கொடுக்க வேண்டும்; அதைப் பெற உரியவர் என்று குர்ஆன் குறித்த எட்டு வகையாருள் கடனிலே மூழ்கியவரும் ஒருவகையார். நீராவிப்பிட்டியிலே அதை அறியாத முஸ்லிம் குடும்பம் இராது. கடனாளியைப் பங்காளி என்று எண்ணிய அந்தச் சட்டத்தின் நுட்பம் நம்மவர் சிந்தனைக்கு உரியது.

நிற்க. இல்லறத்தானுடைய ஐந்து கூறுகளுக்கு இனி வருவோம். வீட்டு வரவுசெலவைத் திட்டமிடுதல் என்பது உண்மையில் அங்கேதான் நிகழ்கிறது. ‘தான்’ என்பதும் ஓம்பப்படவேண்டியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது ஏன் என்ற வினாவுக்குப் பரிமேலழகர் சொல்லும் சமாதானம், எல்லா அறங்களையும் செய்வதற்குச் செய்பவன் உளனாக இருக்க வேண்டும் என்பது. இந்தச் சமாதானத்தை வன்னிக் குடும்பங்கள் ஊன்றிப் பார்த்தல் நன்று. இங்கே கடன் மிகுந்த அளவுக்கு ஏறுவது பெரும்பாலும் சோற்றுக்காக அன்று. பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கும், அந்தியேட்டிக்கும், கோவில் திருவிழா உபயத்துக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் முன்னே தலைகுனியாமல் இருக்க வேண்டும் என்ற மானத்துக்கும் ஆகவே. முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் ஆகிய நான்கும் இங்கே நன்றாகவே ஓம்பப்படுகின்றன. ஓம்புகிறவர்தாம் வட்டிக்குள் மூழ்கிப்போகிறார். முன்னோருக்கு ஒரு கூறு என்றால் ஒரு கூறுதான். தன் கூற்றையும் ஆபத்துக்கென்று வைத்ததையும் சேர்த்து அடகு வைத்துச் செய்யும் திவசத்தை எந்தப் பிதிரரும் கேட்டதாக நான் அறியேன். முதலிலே ஆறாவது கூறு, அதாவது வரி, சம்பளத்திலேயே கழிந்துவிடுகிறது. அடுத்து ஒதுக்கப்பட வேண்டியது தான் உளனாக இருப்பதற்குரிய கூறு: ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் இட வேண்டியதை இட்டார்களா என்று பார்த்தலும், மூன்று நான்கு மாதச் சோற்றுச் செலவை எட்டாத இடத்தில் வைத்தலும். அதன்பின்னரே திருவிழா. இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லுவதாக ஆசாரசீலர் குறைகூறலாம். குறள் ‘தான்’ என்பதை ஈற்றிலே வைத்தது பெருந்தன்மைக்கு, சேமிப்புப் புத்தகத்துக்கு அன்று என்பது என் விடை.

சுற்றத்தாருக்குரிய கூறு வன்னியிலே கடல் கடந்தும் வருகிறது. டொராண்டோவிலும் பாரிஸிலும் இரண்டு வேலை செய்து, அங்கே தம் அரசாங்கத்துக்கு வருமான வரியைச் செவ்வையாகக் கட்டிவிட்டு, எஞ்சியதிலே தங்கைக்கு அனுப்பும் அண்ணன்மார், ஆறிலொன்றையும் சுற்றத்தின் கூற்றையும் தனித்தனியே நிறைவேற்றுகிறார்கள். அதைப் பெறுகிறவர், அது என்றைக்கும் வரும் என்று எண்ணி மாதச் செலவை அதன்மேல் கட்டுவது விவேகமன்று; அண்ணனுக்கு வயது ஏறுகிறது, அவருடைய பிள்ளைகளுக்குத் துணுக்காய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வரும்வரை வருவதை ஒரு கிணறாகவோ, ஒரு பசுவாகவோ, பிள்ளையின் படிப்பாகவோ மாற்றிவிட்டவர் தப்பினார்.

இத்தனை சொல்லியபின்னும், சட்டத்தின்மேல் எனக்கு ஒரு பெருங்குறை உண்டு. நம் முன்னோர் கணக்கிலே அரசன் ஒரு குடும்பத்தைப் பார்த்தான். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமோ ஒரு தனியாளைப் பார்க்கிறது. கிளிநொச்சியிலே இரண்டு லட்சம் சம்பளம் பெறும் அந்த வைத்தியருடைய வீட்டிலே, போரில் கணவனை இழந்த தமக்கையும், அவளுடைய பிள்ளைகளும், ஷெல் துண்டு பட்டு இரு கால்களையும் இழந்த தகப்பனும் இருக்கக்கூடும். கொழும்பிலே தனியே வாழ்ந்து அதே சம்பளம் பெறும் வேறொருவரும் இருப்பார். இருவருக்கும் சட்டம் கேட்பது 3,000 ரூபாய். தமக்கையைப் பேணுவதும் தகப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அரசாங்கம் செய்ய வேண்டியிருந்த பணிகளையே அரசாங்கத்துக்காகச் செய்தல் ஆகும் என்னும் உணர்ச்சி இந்தச் சட்டத்திலே எங்கும் இல்லை. உணர்ச்சியே இல்லாத சட்டம் என்றும் சொல்லிவிட முடியாது: அங்கீகாரம் பெற்ற தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் வருடத்துக்கு 75,000 ரூபாய் வரையில் கழிவு உண்டு, வட்டப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு அடியவருக்குச் சோறிட்டால் அது அந்தக் கணக்கிலே சேராது, அது போகட்டும். கூரையின்மேல் சூரிய மின்தகடு பொருத்தினால் ஆறு லட்சம் வரையிலே கழிவு உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு, சுவர் வெடிக்கும், ஓடு உடையும் என்பதையும் சட்டம் கருணையோடு நினைத்துப் பார்த்து, வாடகையிலே நாலிலொரு பங்கைத் திருத்தச் செலவுக்கென்று விட்டுக்கொடுக்கிறது. அந்த வாடகை வீட்டுக்குள்ளே, கட்டிலை விட்டு எழ முடியாத தகப்பனுக்கு மருந்தும் துணியும் வாங்குகிற மகனுக்கு விட்டுக்கொடுப்பதற்கு ஒரு பிரிவு இன்னும் எழுதப்படவில்லை.